டெய்லர் காக்காவும் தரம் பத்துப் பொடியனும்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் விட்ட பிழை ஒன்றையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்பில் தரம் 10 படிக்கும் ஒரு பிள்ளை. கணிதம் என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். அஸர் தொழுகை முடிந்ததும் விளையாடப் போகாமல், சந்தியில் இருக்கும் பழைய தையல் கடைக்குப் போய்விடுவான். அங்கே எழுபது வயது தாண்டிய டெய்லர் காக்கா. வாப்பாமாருக்கும் அவர் காக்காதான், எங்களுக்கும் காக்காதான், இந்தப் பிள்ளைகளுக்கும் காக்காதான். மனைவி மௌத்தான பிறகு யாரோடும் அதிகம் பேசாத மனிதர், இவனோடு மட்டும் மஃரிப் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? "படிக்கிற பொடியன், கிழவனோட என்ன கதை?" என்று பேச்சு வந்தது. நாங்களும் என்ன ஏதென்று விசாரிக்கவில்லை. உம்மாவைக் கூப்பிட்டு, "ஓ.எல் வருது, அந்தக் கடைக்கு விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினோம். பிள்ளை போவதை நிறுத்திவிட்டான்.

இரண்டு கிழமை கழித்து வகுப்பில் பின்னக்கணக்கு. ஒன்றரையிலிருந்து முக்காலைக் கழிக்கச் சொன்னோம். மற்றவர்கள் கொப்பியில் எழுதத் தொடங்க முன்பே அவன், "முக்கால், சேர்" என்றான். எப்படி என்று கேட்டோம். "ஒன்றரை இஞ்சி மடிப்பில முக்கால் இஞ்சி தையலுக்குப் போனா மிச்சம் முக்கால். காக்கா காட்டித் தந்தார்."

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியும் அவன் தலையில் ஏறாததை அளவு நாடாவை வைத்து அவர் ஏற்றியிருக்கிறார். அவன் பதிலுக்கு என்ன செய்தான் தெரியுமா? கத்தாரில் இருக்கும் மகனுக்கு வீடியோ கோல் எடுக்க அவருக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறான். அவன் வராமல் விட்டதும் அந்தக் கோலும் நின்றுபோயிருந்தது.

அன்று பின்னேரமே கடைக்குப் போனோம். கதவு பாதிதான் திறந்திருந்தது. அவர் ஏசவில்லை. "சேர், நான் அவனுக்கு என்ன கெடுதல் செஞ்சன்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் கல்முனை மண்ணுக்கு இப்படியொரு நட்பு புதிதில்லை. 1942, உலகப் போர்க் காலம். உணவு நெருக்கடி. கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்தில் 1911 இல் பிறந்தவர், இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். பக்கத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தருடன் அவருக்கு இங்கேதான் நெருக்கம் ஏற்பட்டது. ஒருவர் இளம் அதிகாரி, மற்றவர் காவியுடுத்த ராமகிருஷ்ண மிஷன் துறவி. மார்க்கம் வேறு, பதவி வேறு, வயதில் 19 வருட இடைவெளி. தமிழும் கல்வியும் அவர்களை ஒன்றாக உட்கார வைத்தன.

அதே 1942 இல் அஸீஸ் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். 1945 இல் வசதியில்லாத முஸ்லிம் மாணவர்களுக்கு உதவும் கல்வி சகாய நிதியை உருவாக்கினார். 1948 இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். எல்லாம் அந்த ஒரு நட்பால் நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் "சாமியாரோட உனக்கென்ன வேலை?" என்று ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அவர் ஒதுங்கியிருந்தால், நாம் எதையோ இழந்திருப்போம்.

நபி (ஸல்) அவர்கள் சிறியோருக்கு இரங்குவதையும் பெரியோரை மதிப்பதையும் ஒரே பேச்சில் சேர்த்தே சொன்னார்கள். நாம் மதிப்பு என்ற பெயரில் பெரியவர்களைப் பள்ளிவாசல் விறாந்தையில் தனியாக இருத்திவிட்டோம். அக்கறை என்ற பெயரில் பிள்ளைகளை டியூஷனுக்கும் போனுக்கும் ஒப்படைத்துவிட்டோம். பெரியவர்களிடம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதெல்லாம் புத்திமதி மட்டும்தான். புத்திமதி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் இருந்து கதை கேட்கத்தான் ஆளில்லை.

பெற்றோரின் பயமும் நியாயமானதுதான். காலம் அப்படி. அதற்காகத் தடுப்பது ஒன்றுதான் வழியா? பிள்ளை யாரோடு பழகுகிறது என்று வீட்டுக்குத் தெரிந்திருக்கட்டும். பழகும் இடம் நாலு பேர் பார்க்கும் இடமாக இருக்கட்டும். நீங்களும் ஒருநாள் போய் அந்தப் பெரியவரோடு ஒரு பிளேன்டீ குடியுங்கள். விசாரியுங்கள், ஆனால் விசாரிக்காமல் வெட்டிவிடாதீர்கள். நாங்கள் வெட்டியது போல.

உம்மாவிடம் போய் எங்கள் பிழையைச் சொன்னோம். இப்போது கிழமையில் மூன்று நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் இருக்கிறார்கள். போன தவணையில் அவனுக்குக் கணிதத்தில் 41 புள்ளி. பெரிய புள்ளி இல்லைதான். அதற்கு முந்திய தவணையில் 18.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு காக்காவோ ஒரு மூத்தம்மாவோ இருப்பார்கள். உங்கள் பிள்ளையை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.