வலி நிவாரணத்திற்கு இரண்டு தடைகள்: ஒன்று மூளையில், மற்றொன்று சட்டத்தில்

புதுடெல்லி: புற்றுநோயின் கடும் வலிக்காக மார்ஃபின் உட்கொள்ளும் நோயாளிக்கு, தொடக்கத்தில் போதுமானதாக இருந்த அளவு நாளடைவில் போதாமல் போவதுண்டு. நோய் முற்றுவது அதற்கு ஒரு காரணம். மருந்துக்கு உடல் பழகிவிடுவது மற்றொரு காரணம். மருத்துவர் அளவைக் கூட்டும்போது, நோயாளி போதைக்கு அடிமையாகிவிட்டாரோ என்று குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தால் மருந்தையே நிறுத்திவிடுவோரும் உள்ளனர்.

மருந்துக்கு உடல் பழகுவதும், போதைக்கு அடிமையாவதும் வெவ்வேறானவை. முதலாவது உடலின் இயல்பான எதிர்வினை. அந்த எதிர்வினையில் பங்கு வகிக்கும் பொருள்களில் ஒன்று, பாலூட்டிகளின் மூளையிலேயே உருவாகும் 'நியூரோபெப்டைடு எஃப்எஃப்' என்ற சிறு பெப்டைடு. அமெரிக்க ஆய்வாளர்கள் மாட்டின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து அறிவித்த ஆண்டு 1985. இந்தியாவில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் மார்ஃபினுக்கு உடல் விதிக்கும் தடை ஒன்று, அரசு விதித்த தடை மற்றொன்று என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள உதவும்.

சிப்பியில் தொடங்கிய தேடல்

வலியைத் தணிக்கும் அபின் போன்ற பொருள்களை மூளையே உருவாக்குகிறது என்பது 1975-இல் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் 'என்கெஃபலின்' என்ற பெப்டைடுகளை அடையாளம் கண்டனர். அடுத்த 2 ஆண்டுகளில், கடற்சிப்பி ஒன்றின் நரம்பு முடிச்சுகளிலிருந்து அதன் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பெப்டைடு ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அதை ஒத்த பொருள் பாலூட்டிகளின் நரம்பு மண்டலத்திலும் இருப்பதற்கான தடயங்கள் பின்னர் கிடைத்தன. அந்தத் தேடலின் முடிவில் கிடைத்ததே எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட நியூரோபெப்டைடு எஃப்எஃப்.

எலிகளின் மூளையில் இதைச் செலுத்தியபோது மார்ஃபினின் வலிநிவாரண ஆற்றல் குறைந்தது. மார்ஃபினுக்குப் பழகிய எலிகளிடம், மருந்தைத் திடீரென நிறுத்தினால் தோன்றும் அறிகுறிகளை இது உண்டாக்கியது. மாறாக, இந்தப் பெப்டைடை முடக்கும் எதிர்ப்பான்களைச் செலுத்தியபோது, பழகிப்போன எலிகளிடமும் மார்ஃபின் மீண்டும் வேலை செய்தது. வலியைத் தணிக்கும் அமைப்பு அளவு மீறாமல் இருக்க மூளை தானே ஒரு வேகத்தடையையும் வைத்திருக்கிறது என்ற கருத்துக்கு இச்சோதனைகள் வலு சேர்த்தன. எனினும் உடல் மருந்துக்குப் பழகுவதற்கு இது ஒன்றே முழுக் காரணம் அல்ல. மார்ஃபின் ஒட்டும் ஏற்பிகளில் ஏற்படும் மாற்றங்கள் உட்படப் பல காரணங்கள் உள்ளன.

மருந்தாக மாறாதது ஏன்?

தடைப்பொருளை அகற்றினால் குறைந்த மார்ஃபினிலேயே நிறைந்த பலன் கிடைக்காதா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. இதற்கான விடை அவ்வளவு எளிதல்ல. இதே பெப்டைடைத் தண்டுவடத்தில் செலுத்தியபோது நேர்மாறான விளைவு காணப்பட்டது. அங்கு அது வலியைத் தணித்ததுடன் மார்ஃபினின் ஆற்றலையும் கூட்டியது. ஒரே பொருள் மூளையில் ஒரு விதமாகவும் தண்டுவடத்தில் வேறு விதமாகவும் செயல்படுவதால், அதை உடல் முழுவதும் முடக்கும் மாத்திரை எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது.

இந்தப் பெப்டைடு ஒட்டும் இரண்டு ஏற்பிகள் 2000-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2006-இல் 'ஆர்எஃப்9' என்ற முடக்கும் மூலக்கூறை அறிவித்தனர். ஓபியாய்டு மருந்துகளைத் தொடர்ந்து தரும்போது எலிகளிடம் தோன்றும் மிகை வலியுணர்வை அது தடுத்தது. ஆனால் இனப்பெருக்கச் சுரப்புகளைக் கட்டுப்படுத்தும் வேறொரு ஏற்பியையும் அது தூண்டுவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. கண்டறியப்பட்டு 40 ஆண்டுகள் ஆகியும், இந்தப் பெப்டைடை மையமாகக் கொண்ட வலிநிவாரணி எதுவும் மருந்துக் கடைகளை எட்டவில்லை.

சட்டம் விதித்த தடை

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மத்திய அரசின் உரிமத்துடன் கசகசாச் செடி பயிரிடப்படுகிறது. அதன் காயைக் கீறி எடுக்கப்படும் அபின், நீமச் மற்றும் காஜிப்பூர் அரசு ஆலைகளுக்குச் செல்கிறது. மார்ஃபினின் மூலப்பொருளை விளைவிக்கும் நாடு, தன் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க முடியாமல் தவித்தது என்பதே முரண்.

1985 சட்டம் கடத்தல்காரர்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மருத்துவமனை ஒன்று மார்ஃபின் வைத்திருக்க வெவ்வேறு துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருக்கவும் வேண்டும். வழக்குக்கு அஞ்சி மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் ஒதுங்கின. நாட்டின் ஆண்டு மார்ஃபின் பயன்பாடு 1997-இல் சுமார் 18 கிலோவாகச் சரிந்தது.

சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என 2015-இல் அறிவிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு ஒற்றை அனுமதி போதும் என்ற நிலை உருவானது. இருப்பினும், இந்தியாவில் கிடைக்கும் ஓபியாய்டு மருந்துகள் தேவையில் சுமார் 4 சதவீதத்தையே நிறைவு செய்வதாக 'லான்செட்' ஆணையம் 2017-இல் மதிப்பிட்டது. தாளில் தளர்ந்த தடை, மருத்துவர்களின் மனத்தில் தளரவில்லை.

அச்சத்திலும் நியாயம் உண்டு

இந்த அச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் வலிநிவாரணிகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததில் தொடங்கிய நெருக்கடி, கள்ளச்சந்தை ஃபென்டனிலில் போய் முடிந்தது. 2022-இல் மட்டும் அங்கு 1 லட்சத்திற்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் மிகையால் உயிரிழந்தனர். இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துவதாக 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு கூறியது. ஒரு பக்கம் தவறான பயன்பாடு, மறுபக்கம் உண்மையான தேவைக்குத் தட்டுப்பாடு என இரண்டும் ஒரே நாட்டில் நிலவுகின்றன. தடையை இறுக்குவது முதல் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை, இரண்டாவதை வளர்த்தது.

ஓபியாய்டு அல்லாத புதிய வலிநிவாரணிகள் மீது உலகின் கவனம் திரும்பியதும் இப்பின்னணியில்தான். வலி சமிக்ஞையைக் கடத்தும் நரம்பணுக்களின் சோடியம் வாயிலை அடைக்கும் 'சுசெட்ரிஜின்' மருந்துக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜனவரியில் அனுமதி அளித்தது. ஆனால் அது குறுகிய கால வலிக்கு மட்டுமே. ஒரு மாத்திரையின் பட்டியல் விலை 15.50 டாலர். முற்றிய புற்றுநோயின் வலிக்கு அது மார்ஃபினின் இடத்தை நிரப்பிவிடாது.

காத்திருக்க இயலாதவர்கள்

மூளையின் வேகத்தடையைப் பாதுகாப்பாகத் தளர்த்தும் மருந்து ஒருநாள் வரக்கூடும். ஆய்வகங்கள் அதற்குக் காலம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இன்றிரவு வலியால் உறங்க முடியாதவருக்கு அந்தக் காலம் இல்லை. அவருக்கான மருந்து பழமையானது, விலை குறைந்தது, அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது.

நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை 2008-இல் அறிவித்த கேரளம், உள்ளாட்சி அமைப்புகளையும் தன்னார்வலர்களையும் இணைத்து, நோயாளியின் வீட்டு வாசலுக்கே சிகிச்சையைக் கொண்டு சென்றது. கண்காணிப்பும் கருணையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு அது சான்று. மாவட்ட மருத்துவமனைகள் அங்கீகாரம் பெறுவதும், மருத்துவர்கள் மார்ஃபினை அளந்து கொடுக்கப் பயிற்சி பெறுவதும், மருந்தின் அளவு கூடுவது அடிமைத்தனம் ஆகாது என்று குடும்பத்தினருக்கு விளக்கப்படுவதும் புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. உடல் விதிக்கும் தடையை அறிவியல்தான் நீக்க வேண்டும். நாம் விதித்துக்கொண்ட தடையை நாமே நீக்கலாம்.