வில் பழையதாவதால் ஸுன்னத் கூடிவிடாது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அம்பெய்தல் மார்க்கத்தில் சிறப்பிடம் பெற்ற கலை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஸூரத்துல் அன்ஃபாலின் 60ஆம் வசனம் இயன்ற பலத்தைத் திரட்டி வைக்கும்படி ஏவுகிறது. அந்தப் பலம் என்பது எய்தலே என நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் மும்முறை விளக்கியதை உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். அஸ்லம் குலத்தார் அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்தபோது அவ்வழியே வந்த நபியவர்கள் அவர்களை ஊக்கப்படுத்திய செய்தி புகாரியில் உள்ளது. ஆகவே, நம் பிள்ளைகள் வில்லைக் கையில் எடுப்பது மகிழ்ச்சிக்குரியதே.

என் மறுப்பு வேறொன்றைப் பற்றியது. காம்பவுண்ட் வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு மரபு வில்லுக்கு மாறுவதுதான் ஸுன்னத் என்றும், அதுவும் வேட்டைக்கு ஏற்ற கனமான வில்லாக இருக்க வேண்டும் என்றும் ஒரு பேச்சு நம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. துருக்கியின் எர்துருல் தொடரைப் பார்த்த ஆர்வம் ஒரு பக்கம். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் வேட்டைக் கதைகள் மறுபக்கம். நோணாங்குப்பம், அரியாங்குப்பம் வட்டாரத்து வீடுகளிலும் இந்தப் பேச்சு நுழைந்துவிட்டது. இதில் மூன்று தவறுகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, பழைய கருவியே ஸுன்னத்தான கருவி என்ற எண்ணம்.

காம்பவுண்ட் வில்லுக்கு அமெரிக்கரான ஹோலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்றது 1969இல். அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள், நாணை முழுவதும் இழுத்த நிலையில் கையில் நிற்கும் சுமையைக் குறைக்கின்றன. இது அண்மைக்காலக் கருவி என்பது உண்மைதான். அதனால் அது மார்க்கத்துக்குப் புறம்பானதாகிவிடுமா? அகழ் தோண்டித் தற்காக்கும் முறை அரபியருக்குப் பழக்கமில்லாதது. பாரசீகத்தில் கண்ட அம்முறையை ஸல்மான் ஃபார்ஸி (ரலி) எடுத்துரைத்தபோது நபியவர்கள் அதை ஏற்றார்கள். பாரசீக வில்லை நபியவர்கள் வெறுத்ததாக இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிற்கால முஸ்லிம் படைகள் பாரசீக வில்லையும் துருக்கிய வில்லையும் தயக்கமின்றிப் பயன்படுத்தின.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியா வென்றது. ஜோதி சுரேகா வென்னம் ஒருவரே மூன்று தங்கங்களில் பங்கு பெற்றார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் இடம்பெறவுள்ளது. நன்றாகப் பயிலும் பிள்ளையின் கையிலிருந்து அந்த வில்லைப் பிடுங்கி, "இது ஸுன்னத் அல்ல" என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை. அம்பெய்யக் கற்றுப் பின்னர் கைவிட்டவரைக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கருவியை மாற்றச் சொல்லிக் கலையையே கைவிட வைப்பவர்கள் அந்த ஹதீஸைச் சிந்திக்கட்டும்.

இரண்டாவது, கனமான வில்லே ஆண்மைக்கு அடையாளம் என்ற பெருமை.

கருவி தேர்வில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். 60 பவுண்டு காம்பவுண்ட் வில்லை எய்து பழகியவர், அதே 60 பவுண்டில் மரபு வில் கேட்கிறார். காம்பவுண்ட் வில்லின் தளர்வு 75 சதவீதம் என்றால், குறிபார்க்கும் நேரத்தில் அவர் உண்மையில் தாங்குவது 15 பவுண்டு மட்டுமே. மரபு வில்லிலோ இழுக்க இழுக்கச் சுமை ஏறும். குறிபார்க்கும் நொடியில் 60 பவுண்டும் அவருடைய விரல்களிலும் தோளிலும் நிற்கும். விளைவு என்ன? கை நடுங்கும், நாண் பாதியிலேயே நழுவும், தோள்மூட்டு புண்படும். சில வாரங்களில் வில் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகிவிடும்.

முன்னோர் வழி இதுவன்று. உஸ்மானிய வில்லாளர்கள் மாணவரின் கையில் முதலில் கெபாஸே எனப்படும் மிக மெல்லிய பயிற்சி வில்லைத்தான் கொடுத்தார்கள். அம்பு தொடுக்காமல், நாணை இழுத்து மெல்லத் திரும்ப விடும் பயிற்சியை ஆயிரக்கணக்கான முறை செய்த பிறகே அடுத்த வில்லுக்குப் போக விட்டார்கள். தொடரில் வரும் வீரனைப் பின்பற்ற விரும்பும் தம்பி, அவ்வீரர்களின் பயிற்சி முறையையும் பின்பற்றட்டும்.

மாற விரும்புவோர் கவனிக்க வேண்டியவை இவை. உடல் வலுவுள்ள ஆணுக்கும் 25 முதல் 30 பவுண்டு வில்லே தொடக்கத்திற்குப் போதும். பெண்களும் வளரும் பிள்ளைகளும் அதற்கும் குறைவாகத் தொடங்க வேண்டும். வில்லில் எழுதப்பட்டிருக்கும் பவுண்டு பொதுவாக 28 அங்குல இழுப்புக்குரியது. கை நீளமானவர் ஓர் அங்குலம் கூடுதலாக இழுத்தால் இரண்டு மூன்று பவுண்டு ஏறும். காம்பவுண்ட் வில்லுக்கு வாங்கிய அம்புகள் பெரும்பாலும் மிக விறைப்பானவை. மெல்லிய மரபு வில்லில் அவை நேரே பறக்கமாட்டா. வில்லின் மேலேயோ கையின் மேலேயோ உரசிச் செல்லும் அம்புக்குப் பிளாஸ்டிக் சிறகு ஆகாது, பறவை இறகே வேண்டும், அது உரசும்போது மடங்கிக்கொடுக்கும். மிக இலேசான அம்பை எய்தாலும், அம்பில்லாமல் நாணை விட்டாலும் மரபு வில் உடையக்கூடும். விரல் காக்கத் தோலுறையோ, கட்டைவிரலால் இழுப்பவருக்கு மோதிரமோ தேவை.

நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கொம்பும் தசைநாரும் பசையும் சேர்த்துச் செய்யும் துருக்கிய வில் அழகானது, விலையும் கடுமையானது. ஆனால், அதை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. சுண்ணாம்பாற்றங்கரையின் கடற்காற்றும் ஐப்பசி மழையின் ஈரமும் அந்தப் பசைக்கு எதிரிகள். இந்தியாவில் முற்காலத்தில் எஃகு வில்கள் செய்யப்பட்டதற்கு இங்குள்ள தட்பவெப்பத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நமக்கு ஏற்றது கண்ணாடியிழை ஒட்டிய எளிய வில் அல்லது இந்தியன் ரவுண்ட் போட்டிகளில் பிள்ளைகள் பயன்படுத்தும் மூங்கில் வில். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். பெயருக்காகவும் படம் எடுத்துப் போடவும் பல்லாயிரம் ரூபாயைக் கொம்பு வில்லில் கொட்டுவது இஸ்ராஃப். அதற்கு ஸுன்னத் என்று பெயர் சூட்டுவது அதனினும் கேடு.

மூன்றாவது, மிகவும் கடுமையானது: "வேட்டை ஹலால்தானே" என்ற வாதம்.

வேட்டை ஹலால் என்பது சரி. ஆனால் அது அனுமதி, கடமையல்ல. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டையை அல்லாஹ்வே ஸூரத்துல் மாயிதாவில் தடுத்தான். ஹரம் எல்லைக்குள் எவரும் வேட்டையாடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட ஒன்றுக்கு வேலி போடுவது ஷரீஅத்துக்கு அந்நியமானதன்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணை விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமன்றிக் காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் அச்சட்டப்படி வேட்டையே. முயல், கௌதாரி, கழிமுகத்தில் நிற்கும் கொக்கு எதன்மீதும் அம்பு விட நமக்கு உரிமையில்லை. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் ஸூராவை ஓதிவிட்டு, வாழும் நாட்டின் நியாயமான சட்டத்தை மீறுவது எந்தத் தக்வா?

"வேட்டை வேண்டாம், கோழியைக் கட்டி வைத்துப் பழகலாமே" என்போரும் உண்டு. கோழியைக் கட்டி வைத்து அம்பெய்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) கடந்து சென்றபோது, உயிருள்ளதை இலக்காக்குவோரை நபியவர்கள் சபித்ததை எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. வைக்கோல் பொதியை வைத்து எய்யுங்கள்.

பிரான்ஸில் வாழும் நம் சகோதரர்களுக்கு நிலைமை வேறு. அங்கே வில் வேட்டை 1995 முதல் முறைப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. வேட்டை உரிமத்தோடு, வில் வேட்டைக்கான கட்டாயப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அவர்கள் காம்பவுண்டிலிருந்து மரபு வில்லுக்கு மாறும்போது ஃபிக்ஹ் அவர்களோடு வருகிறது. குறிகாட்டியும் ரிலீஸ் கருவியும் இல்லாத வில்லில் துல்லியம் குறையும். ஆகவே, ஒவ்வோர் அம்பும் இலக்கில் தைக்கும் தூரத்துக்குள் மட்டுமே எய்ய வேண்டும். அது பலருக்கு 15, 20 மீட்டரைத் தாண்டாது. அதீ பின் ஹாத்திம் (ரலி) கேட்ட கேள்விக்கு நபியவர்கள் கொடுத்த விளக்கப்படி, கூரிய முனை துளைத்து இறந்ததை உண்ணலாம், அடிபட்டு நசுங்கி இறந்தது ஆகாது. எனவே, மழுங்கிய முனையும் வலுவில்லாத வில்லும் இறைச்சியையே ஹராமாக்கிவிடும். எய்யும்போது பிஸ்மில்லாஹ் கூறுவது ஹனஃபி மத்ஹபில் கட்டாயம், மறந்தால் மன்னிப்பு உண்டு. ஷாஃபி மத்ஹபில் ஸுன்னத். உயிரோடு கிடைத்தால் அறுக்க வேண்டும். தண்ணீரில் விழுந்து இறந்து கிடந்தால் உண்ணக் கூடாது. வேட்டைக்குத் தேவையான வலுவான வில்லை இழுக்கும் தகுதி வரும்வரை மரபு வில்லோடு காட்டுக்குள் போகாமல் இருப்பதே இஹ்ஸான்.

அந்தச் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது வேட்டைக்கான கூர்முனை அம்புகளைத் தம்பிகளுக்குப் பரிசாகக் கொண்டுவராதீர்கள். பயிற்சி முனை அம்புகளும் ஒரு நல்ல விரல் தோலுறையும் கொண்டுவாருங்கள்.

பெற்றோரே! பிள்ளை வில் கேட்டால் மறுக்காதீர்கள். மகனுக்கு வாங்கும்போது மகளுக்கும் வாங்குங்கள். அவர்கள் கையின் வலுவுக்கு ஏற்ற வில்லாக இருக்கட்டும், பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும், இலக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத மண்மேடு இருக்கட்டும். அஸருக்குப் பின் அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் பழகினால் போதும். மஃரிப் பாங்கு கேட்டதும் நாணைக் கழற்றிவிட்டுத் தொழுகைக்கு வரட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலிமையையும், நம் நிய்யத்துகளுக்குத் தூய்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.