ஆட்டோவுக்குப் பக்கத்துல ஒரு மேனுவல் சுவிட்ச்

எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல ஒரு பேனல் போர்டு இருக்கு. அதுல ஒரு திருகு சுவிட்ச். ஒரு பக்கம் ‘ஆட்டோ’, இன்னொரு பக்கம் ‘மேனுவல்’. ஆட்டோவுல விட்டுட்டா, நடுராத்திரி மூணு பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும். நான் வீட்டுல தூங்கலாம். ஆட்டோ கெட்டுப்போச்சுன்னா? சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பி, பச்சைப் பட்டனை அமுக்கினா தண்ணி வந்துரும். ரிப்பேரை நாளைக்குப் பாத்துக்கலாம். பயிர் காயாது.

சில ஆயிரம் ரூபாய்க்கு பேனல் போர்டு செய்யறவருக்கு இருக்கற இந்த யோசனை, பல லட்சத்துக்குக் கார் செய்யற கம்பெனிக்கு ஏன் வரலை? இதுதான் இன்னைக்கு என் சண்டை.

விஷயத்தைச் சொல்லிடறேன். கோயமுத்தூர்ல வேலை பாக்கற எங்க அக்கா மகன், தன்னோட பழைய காரை ரெண்டே முக்கால் லட்சத்துக்கு எனக்குக் கொடுத்தான். “கிளட்சே கிடையாது மாமா. ஆக்சிலேட்டர், பிரேக் ரெண்டுதான். உங்க முட்டி வலிக்கு இதுதான் தோது”ன்னான். உண்மைதான். ஒன்றரை வருசம் சுகமா ஓட்டுனேன். கம்பெனி பேரு இங்க வேண்டாம்.

போன மார்கழியில ஒருநாள் காலையில, ஆறு கிலோ மல்லிகையை நிலக்கோட்டை மார்க்கெட்டுல போட்டுட்டு, அப்படியே அம்மாவை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. மார்கழியில பனிக்கு வரத்து கம்மி, அதனால விலை ஏறிக் கிடக்கும். செம்பட்டி தாண்டி நடுரோட்டுல வண்டி நின்னுச்சு. கியர் படம் போட்ட ஒரு விளக்கு மட்டும் எரியுது. கியர்லயே மாட்டிக்கிட்டதால நியூட்ரலுக்கும் வரமாட்டேங்குது. நாலு பேரு சேந்து தள்ளியும் ஓரம் ஒதுக்க முடியலை. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்கறாரு. எண்பது வயசு அம்மா புளியமரத்தடியில குத்தவச்சு உக்காந்திருக்கு.

கடைசியில இழுவை வண்டி வந்து முன்சக்கரத்தைத் தூக்கித்தான் நகத்துச்சு. ஏழு மணிக்குப் போயிருக்க வேண்டிய பூ பதினோரு மணிக்குப் போச்சு. வதங்குன பூவுக்கு என்ன விலை கிடைக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சர்வீஸ் சென்டர்ல பாத்துட்டு, “ஆக்சுவேட்டர் போயிருச்சு, மொத்தமா மாத்தணும், 68,000 ரூபாய்”னாங்க. வண்டி விலையில கிட்டத்தட்ட கால்வாசி! மனசு கேக்காம, திண்டுக்கல்ல எனக்கு இருபது வருசமா பழக்கமான மெக்கானிக் தம்பிகிட்ட கேட்டேன். அவரு சிரிச்சாரு. “அண்ணே, இது பேருக்குத்தான் ஆட்டோமேட்டிக். உள்ள இருக்கறது சாதா கியர் பாக்ஸ்தான்.”

நகரத்துல இருக்கற உங்கள்ல பல பேருக்கே இது தெரியாதுன்னு நினைக்கறேன். ஆட்டோமேட்டிக்ல பல ஜாதி இருக்கு. டார்க் கன்வெர்ட்டர் வச்சது ஒண்ணு, சிவிடின்னு பெல்ட்டுல ஓடறது இன்னொண்ணு. அதையெல்லாம் மேனுவலா மாத்தணும்னா கியர் பாக்ஸையே கழட்டி வேற வைக்கணும். ஆனா விலை குறைஞ்ச கார்கள்ல வர்ற ஏஎம்டி அப்படி இல்ல. 2014-ல மாருதி செலெரியோவுலதான் இது நம்ம நாட்டுக்கு முதல்ல வந்துச்சு. இப்ப பல கம்பெனியும் போடறாங்க. சாதா கியர் பாக்ஸ், சாதா கிளட்ச் பிளேட். நம்ம காலும் கையும் செய்யற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்யுது, ஒரு கம்ப்யூட்டர் அதுக்கு உத்தரவு போடுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

“அப்ப அந்த ஆக்சுவேட்டரைக் கழட்டிப் போட்டுட்டு, கிளட்ச் பெடல் வச்சு மேனுவலா மாத்திரு தம்பி”ன்னேன்.

“பெடல் செட்டு, கியர் ராடு, கேபிளு எல்லாம் அதே மாடல் மேனுவல் வண்டியில இருக்கு. பழைய இரும்புக் கடையில கூடக் கிடைக்கும். ரெண்டு நாள் வேலை. ஆனா எஞ்சின் கம்ப்யூட்டர் கியர் கம்ப்யூட்டரைத் தேடும்ணே. அது பதில் சொல்லலைன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. கம்ப்யூட்டரையும் மாத்தி, சாவியோட சேத்துக் கோடிங் பண்ணணும். அந்த மெஷின் கம்பெனிகிட்டதான் இருக்கு.”

பாத்தீங்களா கதையை? இரும்பு நம்மகிட்ட இருக்கு, வேலை தெரிஞ்ச ஆளும் இருக்காரு. சாவி மட்டும் கம்பெனி கையில. திண்டுக்கல்காரன்கிட்டயே பூட்டு விளையாட்டு! எங்க ஊரு பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அந்தப் பூட்டு எவ்வளவு சூட்சுமமா இருந்தாலும், காசு கொடுத்து வாங்குனவர் கையில சாவியைக் கொடுத்துத்தான் அனுப்புவாங்க. பூட்டை வித்துட்டு சாவியைக் கடையிலயே வச்சுக்கிட்டு, திறக்கும்போதெல்லாம் வந்து காசு கட்டுன்னு எந்த ஆசாரியும் சொன்னதில்லை.

இன்னொரு தடையும் இருக்கு, அது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திச்சு. நான் அந்தச் சட்டத்தைக் குத்தம் சொல்லலை. கண்டவரும் கண்டபடி வெட்டி ஒட்டுனா ரோட்டுல போறவங்க உயிருக்கு யாரு பொறுப்பு? விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்களும் கேள்வி கேப்பாங்க. அதனாலதான் அன்னைக்கு நான் தம்பியை வண்டியில கைவைக்க விடலை.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அதே 52-ஆம் பிரிவு, அனுமதி வாங்குன கிட் வச்சு பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாத்தலாம்னு வழி விட்டிருக்கு. எரிபொருளையே மாத்த வழி இருக்கு. கம்பெனிக்காரனே மேனுவலாவும் செஞ்சு விக்கற ஒரு வண்டியை, அதே கம்பெனி சாமானை வச்சு மேனுவலா மாத்த ஒரு கிட் கொடுத்தா என்ன குறைஞ்சுபோயிரும்?

இது என் ஒருத்தன் புலம்பல்னு நினைக்காதீங்க. உதிரிப் பாகங்களையும் பழுது பாக்கற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடலைன்னு, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. 2022 ஜூலையில மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’க்குன்னு ஒரு குழு போட்டுச்சு. அதோட பட்டியல்ல விவசாயக் கருவியும் இருக்கு, காரும் இருக்கு. அந்த டிசம்பர்லயே ஒரு இணையதளமும் ஆரம்பிச்சாங்க. சந்தோசம். ஆனா இணையதளத்தை வச்சு நான் வண்டியைத் தள்ள முடியுமா? அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023-ல சட்டமே போட்டு, விவசாய இயந்திரத்துக்கான கருவி, மென்பொருள், கையேடு எல்லாத்தையும் விவசாயிக்குக் கொடுத்தாகணும்னு சொல்லிருச்சு. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேணும்.

“காலம் மாறுது, நீங்க இன்னும் கிளட்சைக் கட்டிக்கிட்டு அழறீங்களே”ன்னு சில பேரு கேக்கலாம். அய்யா, ஆட்டோமேட்டிக் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. சென்னை நெரிசல்ல தினமும் ரெண்டு மணி நேரம் ஓட்டறவருக்கு அது வரம். ஒரு கால் சரியில்லாதவங்க, வயசானவங்க, எல்லாருக்கும் அது வேணும். எனக்கே வேணும். ஆனா உங்களுக்கு வண்டி நின்னா போன்ல இன்னொரு வண்டி வந்துரும். எங்களுக்கு வண்டி நின்னா பூவும் வதங்கும், அம்மாவோட டாக்டர் சீட்டும் போயிரும். அந்த வண்டிங்களோ உங்க கையில அஞ்சு வருசம் ஓடி, வாரண்டி முடிஞ்சதும், விலை குறைஞ்சு எங்க ஊருக்குத்தான் வருது. நீங்க புதுசுல அனுபவிச்ச சுகத்துக்கு, அது பழசானதும் ரிப்பேர் பில் கட்டறது நாங்க.

அதனால நான் கேக்கறது ரெண்டுதான். ஏஎம்டி வண்டி விக்கற கம்பெனி, வாரண்டி முடிஞ்ச வண்டிகளுக்கு மேனுவல் கிட்டை அனுமதியோட நியாய விலைக்கு விக்கணும், ஆர்டிஓ அதைப் பதிவு பண்ணிக் கொடுக்கணும். ரெண்டாவது, கோடிங் மெஷினை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கணும். புதுக் கார் வாங்கப்போற நீங்க, மைலேஜ் எவ்வளவுன்னு கேக்கும்போதே, “ஆக்சுவேட்டர் என்ன விலை, வெளியில பாக்க முடியுமா”ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கேட்டா காதுல விழாது. புது வண்டி வாங்கறவங்க கேட்டா விழும்.

என் வண்டி என்ன ஆச்சுன்னு சொல்லலையே. வீட்டுக்காரம்மா வளையலை அடகு வச்சு 68,000 கட்டி எடுத்தேன். இப்ப ஓடுது. வளையல் இன்னும் பேங்குலதான் இருக்கு.

கரண்ட் வந்துருச்சு. இன்னைக்குப் பாத்து ஆட்டோ வேலை செய்யலை. சுவிட்சைத் திருப்பி மேனுவல்ல போட்டுட்டு வர்றேன்.