மறுப்பதும் வீரமே!

வீரம் என்றாலே வேகம்தான் என்று நாம் எண்ணுகிறோம். இத்தாலி நாட்டு மோட்டார் சைக்கிள் வீரர் ஜியாகோமோ அகோஸ்தினி 15 உலகப் பட்டங்களும் 122 கிராண்ட் பிரி வெற்றிகளும் பெற்றவர். ஆனால் என் நெஞ்சைத் தொட்டது அவர் ஓட்ட மறுத்த பந்தயமே!

ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பந்தயம், வீடுகளுக்கும் கற்சுவர்களுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் சுற்றுள்ள பொதுச்சாலையில் நடப்பது. 1972-இல் மழை நனைத்த அச்சாலையில் அவருடைய நண்பர் கில்பர்த்தோ பார்லோட்டி உயிரிழந்தார். அவ்வாண்டோடு அங்கே 10 வெற்றிகள் கண்டிருந்த அகோஸ்தினி, உலகப் பட்டத்துக்கான புள்ளிகள் போனாலும் சரி, இனி அங்கு ஓட்டுவதில்லை என முடிவெடுத்தார். வேறு வீரர்களும் விலகினர். 1976-க்குப் பின் அப்பந்தயம் உலகப் பட்ட வரிசையிலிருந்தே நீக்கப்பட்டது. மறுத்தவரோ தாழ்ந்துவிடவில்லை, 1975-இல் யமஹாவில் 500 சி.சி. பட்டத்தை மீண்டும் வென்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கோழை என்பார்களோ என்று அஞ்சி, நண்பர்கள் சாலையில் பந்தயம் விடும்போது பின்னால் ஏறி அமர்ந்திருக்கிறேன். வீட்டில் என் பட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களை அப்போது நினைக்கவில்லை.

நண்பர்களே, அடுத்த முறை அழைத்தால் 'மாட்டேன்' என்பேன். நீங்களும் சொல்வீர்களா?