பிறந்தநாள் பிரியாணியா, மாதம் 500 ரூபாயா? தருமபுரி குழந்தைகளுக்கு உதவும் முன் யோசிக்க வேண்டியவை

மாசம் பிறந்து சம்பளம் ஏறியதும் போனில் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று, கிரெடிட் கார்டு பில். இன்னொன்று, 'இந்தக் குழந்தையைக் காப்பாத்துங்க, ப்ளீஸ் ஷேர்' என்று ஒரு ஃபார்வர்டு. கூடவே ஒரு க்யூஆர் கோடு. ஓசூரிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் நம்ம தருமபுரி பசங்க பலர் யோசிக்காமல் 500 ரூபாய் அனுப்பிவிடுகிறார்கள். சிலர் பிறந்தநாள் அன்று ஊரில் உள்ள இல்லத்துக்குப் பிரியாணி ஏற்பாடு செய்கிறார்கள். மனசு நல்ல மனசுதான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பணம் குழந்தையின் வாழ்க்கையில் எதையாவது மாற்றுகிறதா? இதைக் கேட்காமல் கொடுப்பது நமக்கு நிம்மதி தரலாம், குழந்தைக்குப் பலன் தரும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் விஷயத்தில் தருமபுரிக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தை வைத்தே இதைப் பார்க்கலாம்.

தருமபுரியை ஏன் பேச வேண்டும்?

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் அது மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களோடு தருமபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளின் விகிதம் மாநிலத்திலேயே மிகக் குறைவாக இருந்த மாவட்டங்களில் சேலமும் தருமபுரியும் இருந்தன. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியில் அந்த விகிதம் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள் என்பதைத் தாண்டியது. முன்னேற்றம்தான், ஆனால் போதாது.

அடுத்து 2014 நவம்பர். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. எடை குறைவு, குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. கொஞ்சம் கவனியுங்கள். இந்தக் காரணங்கள் மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை. இளவயதுத் திருமணம், ரத்தசோகை, கர்ப்ப காலத்தில் சரியான சாப்பாடு இல்லாதது, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்து சேர்வது என்று பல மாதங்களுக்கு முன்பே, வீட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. ஒரு நாள் உதவியால் இதை மாற்ற முடியாது.

அப்போ எதனால் மாறும்?

பதில் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அரூர் வட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ளது சிட்லிங் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி. 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து அரூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் சுமார் 50 கிலோமீட்டர். அந்தச் சமயத்தில் அங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கு 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் கட்டடம் ஒரு குடிசை. ஒரு 100 வாட்ஸ் பல்பு, ஒரு மர பெஞ்சு, அவ்வளவுதான். அவர்கள் செய்த பெரிய வேலை கட்டடம் கட்டியது அல்ல. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக்கினார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய் கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள், குழந்தைகளின் எடையைப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு என்ன கொடுக்கணும், எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும் என்று தாய்மார்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொன்னார்கள்.

காலப்போக்கில் 147 என்ற எண் 20 அளவுக்கு இறங்கியது. குடிசை 35 படுக்கை மருத்துவமனையாக வளர்ந்தது. வருமானம் இல்லாமல் ஆரோக்கியம் வராது என்று புரிந்ததும் இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பாரம்பரியத் தையல் வேலைக்காக 'பொர்கை' அமைப்பும் அங்கே உருவாயின. அப்பா அம்மாவுக்கு ஊரிலேயே பிழைப்பு இருந்தால், குழந்தையை விட்டுவிட்டு வெளியூர் போக வேண்டிய அவசியம் குறையும். குழந்தை நலன் என்பது அதுவும்தான்.

இதில் நன்கொடையாளர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த எண்ணைக் கீழே கொண்டுவந்தவர்கள் மாதாமாதம் வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்கள். அவர்களுக்குப் பயிற்சி, சம்பளம், பஸ் காசு எல்லாம் வேண்டும். இவை போட்டோவில் தெரியாத செலவுகள். அதனால்தான் இவற்றுக்கு ஸ்பான்சர் கிடைப்பது கஷ்டம். 'என் பணம் முழுக்க குழந்தைக்கே போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது' என்று நாம் சொல்வது நியாயம் மாதிரி தெரியும். ஆனால் குழந்தைகள் நலத்தில் ஆள்தான் சேவையே. செவிலியருக்குச் சம்பளம் இல்லை என்றால் சிகிச்சை இல்லை.

ஹோம்ல சாப்பாடு போடுறது தப்பா?

தப்பு இல்லை. இல்லங்களுக்கு அரிசியும் பருப்பும் தினமும் வேணும். ஆனால் தீபாவளி அன்று பத்துப் பேர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பார்கள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை யாரும் வர மாட்டார்கள். அதனால் தேதியை நாம் முடிவு பண்ணாமல், 'உங்களுக்கு எந்த வாரம் தேவை, என்ன தேவை?' என்று கேட்பது நல்லது. பதில் பெரும்பாலும் பிரியாணியாக இருக்காது. நாப்கின், பாய், டியூஷன் டீச்சர், பல் டாக்டர் என்று வரலாம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இல்லத்தில் இருக்கும் குழந்தைகள் எல்லோரும் ஆதரவற்றவர்களா? உலக அளவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் ஐந்து குழந்தைகளில் குறைந்தது நான்கு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு 2009-ல் சொன்னது. பலர் அங்கே இருப்பதற்குக் காரணம் வறுமை. நம் நாட்டின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. குடும்பத்தோடு வளர்வதுதான் முதல் வழி.

எனவே ஒரு அம்மா தன் குழந்தையை ஹோமில் சேர்க்காமல் வீட்டிலேயே வளர்க்க உதவும் 2,000 ரூபாய், அதே குழந்தைக்கு ஹோமில் வெட்டும் கேக்கைவிட மதிப்பு அதிகம். நல்ல அமைப்பு என்றால் எத்தனை குழந்தைகளைச் சேர்த்தோம் என்பதோடு, எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம் என்றும் சொல்லும்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது இல்லையா?

ஆமாம், அரசின் கடமைதான். அரசு செய்யவும் செய்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு: விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், பெற்றோரில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற சூழலில் உள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு கிராமங்களில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்.
* அன்புக் கரங்கள்: 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் 18 வயது வரை பள்ளிப் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய்.
* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1.20 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.
* தேசிய குழந்தைகள் நலத்திட்டம்: பிறவி இதயக் குறைபாடு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் போன்றவற்றுக்கு 18 வயது வரை இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும்.

சிக்கல் எங்கே? இந்தத் திட்டங்களைத் தேடிப் போய் வாங்குவதில்தான். பென்னாகரத்தில் கூலி வேலை செய்யும் ஒருவர் வருமானச் சான்றுக்கு ஒரு நாள், வங்கிக் கணக்குக்கு ஒரு நாள், கையெழுத்துக்கு ஒரு நாள் என்று அலைந்தால் மூன்று நாள் கூலி போச்சு. ஆபரேஷன் ஃப்ரீ என்றாலும், சென்னைக்கு பஸ் டிக்கெட், கூட இருப்பவருக்குச் சாப்பாடு, வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று எதுவும் காப்பீட்டில் வராது. நல்ல தொண்டு அமைப்புகள் நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். அரசு கொடுப்பதைக் குடும்பத்துக்கு வாங்கிக்கொடுக்க ஒருத்தர் கூடவே போவது பல நேரம் பணத்தைவிடப் பெரிய உதவி.

க்யூஆர் கோடு வந்தால் என்ன செய்வது?

சில மரபணு நோய்களுக்கு ஒரு ஊசியே 16 கோடி ரூபாய் வரை ஆகும். கூட்டு நிதியால் அதைத் திரட்டிக் காப்பாற்றிய சம்பவங்கள் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. எனவே எல்லா ஃபார்வர்டும் பொய் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் கூடாது. இரண்டு நிமிடச் சோதனை போதும்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதியில் அட்மிஷன் என்று இருக்கிறதா? ஆஸ்பத்திரியின் பொது எண்ணை நீங்களே தேடி, போன் பண்ணி உறுதி செய்யுங்கள். ஃபார்வர்டில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பணம் ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகிறதா, தனிநபர் கணக்குக்கா? காப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பித்தார்களா? பழைய மெசேஜ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதா?

அமைப்புகளிடம் என்ன கேட்கணும்?

குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் முதல் கேள்வி: இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவில் பதிவு இருக்கிறதா? பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம். ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். குழந்தைகள் அனைவரும் குழந்தைகள் நலக் குழு வழியாகத்தான் வந்தார்களா என்றும் கேளுங்கள். இதைக் கேட்டால் கோபப்படும் இல்லத்துக்கு உங்கள் பணம் வேண்டாம்.

அடுத்து கணக்கு. ஆண்டு அறிக்கை, தணிக்கை அறிக்கை வெளியிடுகிறார்களா? 80ஜி பதிவு இருந்தால், 10பிஇ படிவம் தருவார்கள். ஒரு முக்கியமான விஷயம்: 80ஜி சலுகை பழைய வரி முறையில்தான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது.

செல்ஃபி எடுக்கலாமா?

வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் வேலைக்கு இன்டர்வியூ போகும்போது, 'அனாதைக் குழந்தைகளுடன் என் பர்த்டே' என்ற ரீல்ஸில் அவன் முகம் இருக்க வேண்டுமா? சாப்பாட்டுக்கு விலையாக அவன் தன் முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

வருஷத்துக்கு ஒரு முறை 6,000 ரூபாய் கொடுப்பதைவிட மாதம் 500 ரூபாய் ஆட்டோ டெபிட்டில் போடுங்கள். தொகை அதேதான். ஆனால் அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு அமைப்பு ஒருவரை வேலைக்கு வைக்க முடியும். 'இந்தக் குழந்தைக்குத்தான்' என்று கட்டிப்போடாமல், தேவையான இடத்தில் செலவு செய்ய விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கேளுங்கள்.

ஒரு குழந்தையை நேரடியாக ஆதரிக்கணும் என்றால், மிஷன் வாத்சல்யாவில் தனியார் நிதி ஆதரவுக்கும் இடம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். பணம் இல்லை என்றால் நேரம் கொடுக்கலாம். உங்கள் தெருவில் அப்பாவை இழந்த ஒரு குழந்தை இருந்தால், மேலே சொன்ன திட்டங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். ஒரு சனிக்கிழமை அலைச்சல், அந்த வீட்டுக்குப் பல வருஷத்துக்கு வருமானம். குழந்தைத் திருமணம், கொத்தடிமை வேலை, கைவிடப்பட்ட குழந்தை என்று எது தெரிந்தாலும் 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம்.

இரக்கம் நம்ம ஊரில் எப்போதுமே இருந்திருக்கிறது. அது ஒரு நாள் கூத்தாக முடியாமல் மாதாமாதம் தொடர வேண்டும். சிட்லிங்கில் 147 என்ற எண் 20 ஆனதற்குப் பின்னால் முப்பது வருஷம் விடாமல் நடந்த கால்கள் இருக்கின்றன. அந்த மாதிரி நடப்பவர்களுக்குப் பஸ் காசு கொடுப்பதும் குழந்தைக்குச் செய்யும் உதவிதான்.