பழைய துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா

தாழ்ப்பாள் போல் இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். குழலில் நுழையும் தோட்டா எல்லாம் அதற்கு ஒத்துவரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்ற ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. அதன் தோட்டா 1892-இல் ஜெர்மனியின் மௌசர் உருவாக்கியது. முதலில் வந்த குண்டு சுமார் 11 கிராம். பின்னால் வந்தது 9 கிராம், வேகமும் அதிகம். ஒன்றுக்குச் சரிசெய்த குறியில் மற்றதைச் சுட்டால் குண்டு விலகும். குழலுக்குள் திருகாணி மரைபோல் ஓடும் வரிகளே குண்டைச் சுழற்றி நேரே செலுத்துகின்றன; நீண்ட குண்டுக்குச் சுழற்சி கூடுதலாக வேண்டும். வரி தேய்ந்தாலும் குறி கெடும். ஆகவே, வேட்டைக்காரர்கள் சுட்டுப் பார்த்து, ஒத்துவந்த தோட்டாவையே வைத்துக்கொள்வார்கள்.

1930-இல் சௌகட் புலி சில அடி தூரத்தில் எதிர்ப்பட்டபோது கார்பெட்டின் இடக்கையில் பறவை முட்டைகள்! வலக்கையால் மட்டுமே .275-ஐ மெல்லத் திருப்பிச் சுட்டார், புலி சாய்ந்தது. அந்த நேரத்தில் தோட்டா வெடிக்காமல் போயிருந்தால்?

ஈரத்தில் கிடந்த பழைய தோட்டாவை நம்பவே முடியாது. தேவைக்கு வெடிக்காது, விளையாட்டாகத் தட்டினால் வெடிக்கலாம். நம் சிம்பாங் அம்பாட் பக்கம் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். உரிமமின்றி வைத்திருப்பதும் குற்றம். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.