நடத்தையும் ஒரு மொழியே

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் தொற்றும் நோயன்று, வளர்ப்பின் குறையுமன்று. மூளையின் வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு அது. பிறருடன் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணரும் விதத்திலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதிலும் அவ்வேறுபாடு வெளிப்படும். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் ஒரு சொல்லும் பேசார். இக்குழந்தைகளுக்கு உலகெங்கும் பரவலாக அளிக்கப்படுவது நடத்தைவழிப் பயிற்சி ஆகும். அப்பயிற்சியின் நோக்கம் குழந்தையின் வாழ்வை எளிதாக்குவதா, பிறரைப்போல் அதனைத் தோன்றச் செய்வதா என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினா.

பழியிலிருந்து பயிற்சிக்கு

1943ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளிடம் தாம் கண்ட தனித்தன்மைகளைத் தொகுத்து எழுதினார். அதன்பின் பல்லாண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் தவறான கருத்து நிலவியது. துயருற்ற தாயர் பழியையும் சுமந்தனர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார்.

அக்காலத்திலேயே கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் என்னும் உளவியலாளர் நடத்தைவழிப் பயிற்சியை வளர்த்தெடுத்தார். ஒரு திறனைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியையும் பாராட்டாலும் பரிசாலும் நிலைபெறச் செய்வதே அதன் அடிப்படை. பல் துலக்குதல் வளர்ந்தோர்க்கு ஒரே செயல். பயிற்றுநருக்கோ அது தூரிகையை எடுத்தல், பசையை இடுதல், துலக்குதல், வாய் கொப்பளித்தல் எனப் பல செயல்கள். வாரத்திற்கு ஏறத்தாழ 40 மணிநேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் இயல்பான பள்ளி வகுப்பில் தேர்ச்சியுற்றனர் என 1987இல் அவர் அறிவித்தார். கல்வி பெற இயலாதவர் எனக் கைவிடப்பட்டோர் கற்பர் என்னும் நம்பிக்கை பிறந்தது.

அவ்வரலாற்றில் இருளும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அறைதலும் மின்னதிர்ச்சியும்கூடப் பயன்படுத்தப்பட்டன. வேண்டாத நடத்தை மறைந்தால் போதும், குழந்தை என்ன உணர்கிறது என்பது வேண்டா என்னும் எண்ணமே அதற்கு இடமளித்தது.

கூச்சலின் பொருள்

வகுப்பறையில் ஒரு குழந்தை திடீரெனக் கூச்சலிடுகிறது. மணியோசை அதன் செவிக்குத் தாங்கொணாததாக இருக்கலாம், பல்வலி இருக்கலாம், கொடுக்கப்பட்ட பணி புரியாமலும் இருக்கலாம். வலியைச் சொல்லச் சொல்லற்ற குழந்தைக்குக் கூச்சலே சொல். அதனை அடக்கிவிட்டால் ஓசை நிற்கும், வலி நிற்காது.

எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1985இல் இதனைத் தெளிவாகக் காட்டினர். குழந்தைகளின் முறையற்ற நடத்தைக்குரிய காரணத்தை அவர்கள் முதலில் கண்டறிந்தனர். பின்னர், உதவியையோ கவனத்தையோ சொல்லால் கேட்கக் கற்பித்தனர். கேட்கத் தெரிந்ததும் அந்நடத்தை பெரிதும் குறைந்தது. சொல் வராத குழந்தைக்குப் படஅட்டையும் சைகையும் அவ்வாறே துணையாகும். நடத்தைவழிப் பயிற்சியின் சிறந்த பயன் இதுவே.

மாற்ற வேண்டியதும் வேண்டாததும்

தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையைக் காத்தல் கட்டாயம். மகிழ்ச்சியிலோ பதற்றத்திலோ கைகளை அசைக்கும் குழந்தையால் எவர்க்கும் தீங்கில்லை. பார்ப்பவரின் கூச்சத்திற்காக அவ்வசைவை நிறுத்தப் பல மணிநேரம் செலவிடுவது குழந்தைக்கு உதவாது. கண்ணை நோக்கிப் பேசுமாறு வற்புறுத்தப்பட்டால், சொல்லப்படுவதைக் கேட்கவே இயலாமற் போகிறது என்று ஆட்டிசம் உடைய பெரியோர் பலர் கூறியுள்ளனர்.

“எங்கள் காலத்திற்குப் பின் இவன் எவ்வாறு வாழ்வான்?” என்று பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. அதற்கு விடையாக அமைவன உடுத்தல், உண்ணல், சாலையைக் கடத்தல், பணத்தைக் கையாளுதல் போன்ற திறன்கள். அவற்றோடு ‘வேண்டாம்’ என்று மறுக்கும் திறனும் கற்பிக்கப்பட வேண்டும். ஏவியதை எல்லாம் செய்யுமாறு மட்டும் பழக்கப்பட்ட குழந்தை, தீய நோக்குடையோர் ஏவும்போதும் பணிந்துவிடும்.

நான்கு வயதை நெருங்கும்வரை பேசாதிருந்த டெம்பிள் கிராண்டின், இடைவிடாத கற்பித்தலால் பேச்சைப் பெற்றார். படங்களாகவே சிந்திக்கும் தம் இயல்பை அவர் இழக்கவில்லை. அவ்வியல்பே கால்நடைகளின் அச்சத்தை உணர்ந்து, அவற்றிற்கேற்ற கொட்டில்களை வடிவமைக்க அவருக்குத் துணைநின்றது. பின்னாளில் அவர் விலங்கறிவியல் பேராசிரியர் ஆனார். எல்லாக் குழந்தைகளும் அவரைப்போல் ஆவர் என்பதில்லை. ஆனால், இயல்பை அழிக்காமலே திறனை வளர்க்க இயலும் என்பதற்கு அவர் சான்று.

வகுப்பறையின் கடமை

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் வகுத்த 21 வகை குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. சட்டம் பள்ளியின் வாயிலைத் திறக்கும். உள்ளே அமரும் இடத்தை இனியதாக்குவோர் உடன் பயிலும் மாணவரே. விடைக்காகச் சற்றுப் பொறுத்திருத்தல், உரத்த ஓசையைத் தவிர்த்தல், கையசைவைக் கண்டு நகையாதிருத்தல் ஆகியனவும் பழகிப் பெறவேண்டிய நடத்தைகளே. ஆட்டிசம் உடைய குழந்தை அன்றாடம் பல மணிநேரம் பயில்கிறது. அக்குழந்தைக்காக ஏனையோர் சிறிதளவேனும் பயில்வதே முறை.